ஏற்காடு ஏறும் சைக்கிளுக்குப் பின் ஹப்: பார்ப்பதும் வாங்குவதும் பிரிப்பதும்

சேலத்தில் புதிதாக எம்டிபி (மலைப்பாதைச் சைக்கிள்) வாங்குகிறவர்கள் முதலில் டயரைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து கியரைப் பற்றி. பின் சக்கரத்து ஹப்பை, அதாவது ஸ்போக் கம்பிகள் வந்து சேரும் நடுக் குடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்கிற சிலரும் "எந்த ஹப் நல்லா சத்தம் போடும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும் சைக்கிளில் அதிகம் அடி வாங்குவது அந்தப் பின் ஹப்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிரித்துச் சுத்தம் செய்ய முடிகிற, பேரிங்கும் உதிரியும் இங்கேயே கிடைக்கிற ஹப்தான் நல்ல ஹப். சத்தம், எடை, நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பின் ஹப் என்ன பாடுபடுகிறது

முன் ஹப்புக்குச் சக்கரத்தைத் தாங்கிச் சுற்றவிடுவது மட்டும்தான் வேலை. பின் ஹப் அதோடு சேர்த்து உங்கள் மிதியையும் சக்கரத்துக்குக் கடத்த வேண்டும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 175 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் கை) முழு எடையும் விழுந்தால் அங்கே சுமார் 137 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகிறது. முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்று லேசான கியரில் இருந்தால் அது ஒன்றரை மடங்காகி, பின் ஹப்புக்குப் போகும்போது 210-ஐத் தாண்டிவிடும். கியர் லேசாக ஆக ஆகக் காலுக்குச் சுகம், ஹப்புக்குச் சுமை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். புதிதாக ஏறுகிறவர் இந்த வித்தியாசம் முழுவதையும் லேசான கியரிலேயேதான் ஏறுவார்.

இறங்கும்போது வேறு கதை. ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ, 1,100 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. ஒரு பகுதி காற்றோடு போய்விடும், மிச்சம் பிரேக்கில்தான் இறங்கும். பின் பிரேக்கைப் பிடித்த பிடி விடாமல் இறங்குகிறவர்களுக்கு டிஸ்க் நன்றாகச் சூடேறும். அந்த டிஸ்க் மாட்டியிருப்பது ஹப்பின் இடப்பக்கத்தில். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு தாண்டியதும் விட்டுவிடுங்கள். பிரேக் பேடுக்கும் நல்லது, ஹப்புக்கும் நல்லது.

மூன்றாவது எதிரி மண். தார் ரோட்டில் மட்டும் ஓட்டினால் பெரிய பிரச்சினை இல்லை. நாகலூர்ப் பக்கமோ சேர்வராயன் கோயில் பக்கமோ மண் பாதையில் இறங்கினால், கோடையில் மாவு மாதிரித் தூசி, ஐப்பசி கார்த்திகையில் ஒட்டிக்கொண்டு விடாத செம்மண் சேறு. இரண்டுமே சீலின் ஓரத்தில் உட்கார்ந்து, மெல்ல உள்ளே போய், கிரீஸோடு கலந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். (காப்பித் தோட்டத்துப் பாதைகள் பெரும்பாலும் தனியார் இடம். கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே வேண்டாம்.)

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்த வகை

பின் சக்கரத்தில் கியர் பற்கள் மாட்டும் முறை இரண்டு. பழைய முறையில் ஃப்ரீவீல் என்ற முழுத் துண்டு ஹப்பின் மேல் மரை போட்டு ஏறும். மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் அமைப்பு அந்த ஃப்ரீவீலுக்குள்ளேயே இருக்கும். புதிய முறையில் அந்த அமைப்பு ஹப்போடு சேர்ந்த ஃப்ரீஹப்பில் இருக்கும், அதன் மேல் கேசட் என்ற பல் அடுக்கு மட்டும் செருகி நிற்கும். ஷிமானோ இதை 1978-இல் கொண்டுவந்தது.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகக் கையால் சுற்றுங்கள். மிகச் சின்ன பல்லுக்கு நடுவே கருவி செருகுவதற்கான வெட்டுகள் தெரியும். பற்களோடு அந்த வெட்டுகளும் சேர்ந்து சுற்றினால் கேசட், பற்கள் மட்டும் சுற்றி வெட்டுகள் அப்படியே நின்றால் ஃப்ரீவீல். பின்னால் ஏழு கியர் உள்ள மலிவான சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கத்து பேரிங் பற்களுக்கு உள்பக்கமாக, ஹப்பின் நடுவை நோக்கித் தள்ளி இருக்கிறது. அதற்கு வெளியே ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) நீளமாக, தாங்க ஆளில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். குழியில் விழும் ஒவ்வொரு முறையும், எழுந்து நின்று மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீட்டம் வளையப் பார்க்கும். ஒருநாள் வளையும், அப்புறம் உடையும். ஃப்ரீஹப்பில் அந்த பேரிங் வெளிப்பக்கம், ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதனால் ஆக்சில் வளைவது அரிது. எடை அதிகம் உள்ளவர் ஃப்ரீவீல் சைக்கிளில் வாரந்தோறும் மலை ஏறப்போகிறார் என்றால், ஆக்சில் வளையும் வரை காத்திருக்காமல் கேசட் ஹப் போட்ட சக்கரமாக மாற்றிக்கொள்வது நல்லது என்பேன். டவுனுக்குள் ஓட்டுபவருக்கு ஃப்ரீவீலே போதும்.

இரண்டாவது படி: ஐந்து நிமிடச் சோதனை

பழைய சைக்கிள் வாங்கப் போனாலும் சரி, உங்களுடையதையே பார்ப்பதானாலும் சரி, இதைச் செய்யுங்கள். சைக்கிளை நிறுத்தி, பின் டயரின் மேல் பக்கத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் ஹப்பில் ஆட்டம் இருக்கிறது. க்விக் ரிலீஸ் (சக்கரத்தை ஃபிரேமில் பூட்டும் லீவர்) லூசாக இருந்தாலும் இப்படியே ஆடும், அதனால் முதலில் அதை இறுக்கிவிட்டுப் பாருங்கள். சக்கரம் ஆடாமல் பல் அடுக்கு மட்டும் ஆடினால் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங் லூசாக இருக்கலாம், இல்லாவிட்டால் ஃப்ரீஹப்பின் உள் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஃப்ரீஹப்பில் நூலளவு ஆட்டம் இருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்து சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலின் முனையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். இந்தச் சோதனைதான் முக்கியம். நல்ல ஹப்பில் கிரீஸின் லேசான இழுப்பு மட்டும் தெரியும். மணல் அரைக்கிற மாதிரி விரலில் உறுத்தினால் உள்ளே அழுக்கு போயிருக்கிறது. ஒரே இடத்தில் வந்து வந்து தட்டினால் பேரிங் குண்டு ஓடும் தடத்தில் (கோனிலோ கப்பிலோ) குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றும்போது ஆக்சில் முனை வட்டமடித்தால் ஆக்சில் வளைந்துவிட்டது.

கடைசியாக ஃப்ரீஹப். சக்கரத்தை மாட்டித் தூக்கிவைத்து, பெடலை வேகமாகச் சுற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்துங்கள். சக்கரம் ஓட வேண்டும், செயின் நிற்க வேண்டும். மேல் செயின் தொய்ந்து விழுந்தாலோ பெடல் தானாகச் சுற்றினாலோ ஃப்ரீஹப் இறுகியிருக்கிறது. இதற்கு நேர்மாறான கோளாறு, மிதிக்கும்போது பிடிக்காமல் வழுக்குவது. அப்படி ஒருமுறை வழுக்கினாலும் அந்த ஹப்போடு மலை ஏற வேண்டாம். எழுந்து நின்று மிதிக்கும்போது வழுக்கினால் உங்கள் எடை முழுவதும் முன்னால் பாயும், நெஞ்சு ஹேண்டில்பாரில் போய் இடிக்கும்.

சத்தமும் பிடிமானமும்

ஃப்ரீஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு நாக்குகள் இருக்கும், சுற்றிலும் பல் வெட்டிய வளையம் இருக்கும். மிதித்தால் நாக்கு பல்லில் மாட்டி இழுக்கும், விட்டால் பல்லைத் தாண்டித் தாண்டிக் கிரகிரவென்று சத்தம் போடும். 360-ஐப் பிடிக்கும் இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், மிதித்ததும் பிடிப்பதற்கு முன் அதிகபட்சம் எத்தனை டிகிரி வெறுமனே சுற்றும் என்று தெரியும். 18 என்றால் 20 டிகிரி, 36 என்றால் 10, 72 என்றால் 5.

இது ஹப்பில் உள்ள கணக்கு. காலில் தெரிவது வேறு. மேலே சொன்ன 22-க்கு 34 கியரில், ஹப்பின் 20 டிகிரி பெடலில் 31 டிகிரி ஆகிவிடும். அதாவது எந்த இடத்தில் உடனே பிடிக்க வேண்டுமோ, அந்த லேசான கியரில்தான் வெற்று மிதி அதிகம். கல் நிறைந்த பாதையில் பெடல் கல்லில் இடிக்காமல் அரை மிதி, கால் மிதி போட்டு ஏறுபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் கொண்டை ஊசி ரோட்டில் ஒரே சீராக மிதித்துக்கொண்டே ஏறுபவருக்கு 18-ஆ 72-ஆ என்பது தெரியக்கூட தெரியாது.

வெளிநாட்டு ஹப்களில் இந்த எண் எங்கெங்கோ போய்விட்டது. டிடி ஸ்விஸ்ஸின் 350, 240 வகைகளில் நாக்குகளே கிடையாது. முகத்தில் பல் வெட்டிய இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று அழுந்தி, எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் பிடிக்கும். 18, 36, 54 என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஹோப் ப்ரோ 4-இல் 44 இடங்கள், கிறிஸ் கிங்கில் 72, இண்டஸ்ட்ரி நைனின் ஹைட்ராவில் 690. ஆனிக்ஸ் ஹப்பில் பல்லே இல்லை, அது சத்தமே இல்லாமல் அந்தக் கணமே பிடிக்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பல் பொடியாகப் பொடியாக ஒவ்வொரு பல்லும் நாக்கும் சின்னதாகிறது. கொஞ்சம் அழுக்கோ கெட்டிக் கிரீஸோ சேர்ந்து நாக்கு பாதியில் நின்றால் பல்லின் நுனி மட்டும் சுமை தாங்கி உடைந்து போகும். செம்மண் சேற்றில் ஓட்டிவிட்டு மாதக்கணக்கில் திறந்தே பார்க்காத ஆளுக்கு 36 போதும், அதற்கு மேல் வேண்டாம்.

சத்தத்துக்கும் உழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. நேற்றுவரை அடக்கமாக இருந்த ஹப் இன்று திடீரென்று கணீரென்று கத்தினால், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: வாங்கும்போது

உங்கள் ஃபிரேமை அளக்காமல் ஹப் வாங்காதீர்கள். க்விக் ரிலீஸ் உள்ள எம்டிபிகளில் பின் ஃபிரேமின் இரண்டு கால்களுக்கு இடையே 135 மில்லிமீட்டர் இருக்கும். 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் (ஃபிரேமுக்குள் செருகி மரையில் இறுக்கும் தடித்த அச்சு) என்றால் 142, அல்லது பூஸ்ட் எனப்படும் 148. சரளைப் பாதை ஓட்டப்போகிறீர்கள், புதுச் சைக்கிளாகவே வாங்கப்போகிறீர்கள் என்றால் த்ரூ ஆக்சில் உள்ளதைப் பாருங்கள். வளைவில் பின்பக்கம் முறுக்கிக்கொள்ளாது.

கேசட் மாட்டும் உடலிலும் வகை உண்டு. பழைய ஹெச்ஜி வகையில் மிகச் சின்ன பல் 11. 10 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு ஸ்ராமின் எக்ஸ்டி (XD) அல்லது ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் வேண்டும். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. ஆரம்பிப்பவருக்கு ஹெச்ஜி போதும், கேசட் எங்கும் கிடைக்கும். அதிலும் ஸ்டீல் உடல் வாங்குங்கள். அலுமினிய உடலில் தனித்தனிப் பற்கள் லேசான கியரின் இழுப்புக்குப் பள்ளம் வெட்டி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கேசட்டைக் கழற்றவே போராட வேண்டும்.

பேரிங்கில் இரண்டு கட்சி. கப் அண்ட் கோன் என்பது பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்து, கோனால் இறுக்கிச் சரிசெய்வது. நம் ஊர்ப் பழைய சைக்கிள் மெக்கானிக் எவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரும். அதன் குறை, பராமரிக்காமல் விட்டுக் கப்பில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு. கோனை மாற்றலாம், கப் ஹப்போடு அழுத்தி வைத்தது. மற்றொன்று சீல் போட்ட கார்ட்ரிட்ஜ் பேரிங். தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவது. பேரிங்கின் மேலேயே எண் இருக்கும். 6902 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சொல்லி, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது என்பதற்கு 2ஆர்எஸ் என்று சேர்த்துக் கேட்டால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். லாரிப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த சேலத்தில் இது ஒரு பெரிய வசதி. சைக்கிள் கடையில் "ஆர்டர் போடணும்" என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் கார்ட்ரிட்ஜ் பக்கம்தான். ஆனால் கையில் இருப்பது கப் அண்ட் கோன் என்றால் அதை ஒதுக்காதீர்கள், ஒழுங்காகக் கிரீஸ் போட்டால் நீண்டநாள் உழைக்கும்.

நான்காவது படி: பிரித்துக் கிரீஸ் போடுவது

கப் அண்ட் கோனை விரிவாகச் சொல்கிறேன், புதிதாக வருபவர்களின் சைக்கிளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். தேவைப்படுவது: மெல்லிய கோன் ஸ்பேனர் (ஷிமானோ பின் ஹப்புக்குப் பெரும்பாலும் 15), லாக்நட்டுக்கு 17 ஸ்பேனர், கேசட் லாக்ரிங் கருவி, பற்களைப் பிடித்துக்கொள்ள ஒரு செயின் விப், பழைய துணி, கொஞ்சம் டீசல், பேரிங் கிரீஸ், கால் இஞ்ச் பால்ரஸ் குண்டு 18. ஒரு பக்கத்துக்கு ஒன்பது. டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கை முதலிலேயே கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். டீசலோ கிரீஸோ டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, இறங்குமுகத்தில் அது விளையாட்டல்ல.

கேசட்டைக் கழற்றுங்கள். சக்கரத்தை ஒரு தட்டின் மேல் வைத்து, இடப்பக்கத்து லாக்நட்டையும் கோனையும் மட்டும் கழற்றுங்கள். வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். அப்படி விட்டால் ஆக்சில் இருந்த நீளத்திலேயே திரும்ப உட்காரும். ஆக்சிலை வலப்பக்கமாக உருவுங்கள், குண்டுகள் தட்டில் விழும். கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடையுங்கள். ஃப்ரீஹப்புக்குள் மட்டும் டீசல் ஊற்ற வேண்டாம். இப்போது கோனை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் ஒரு பளபளப்பான கோடாக இருந்தால் நல்லது. அந்தக் கோட்டில் ஊசியால் குத்தின மாதிரிப் புள்ளிகள் இருந்தால் கோனை மாற்றுங்கள். கப்பைப் பேனா முனையால் தடவிப் பாருங்கள், தட்டாமல் ஓட வேண்டும். குண்டுகள் நன்றாகத் தெரிந்தாலும் பழையதைப் போடாதீர்கள். விலை ஒன்றுமில்லாத சாமான் அது.

கப் நிறைய கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். ஒன்பது வைத்த பிறகும் சின்ன இடைவெளி இருக்கும், பத்தாவதைத் திணிக்கக் கூடாது. ஆக்சிலைச் செருகி, இடப்பக்கத்துக் கோனைக் கையால் இறுக்கி, கோனை 15-ஆல் பிடித்துக்கொண்டே லாக்நட்டை 17-ஆல் இறுக்குங்கள். லாக்நட் இறுகும்போது கோனும் நகரும். அதனால் முதல் தடவையே சரியாக வராது. இறுக்கு, பார், தளர்த்து, மறுபடி இறுக்கு என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

பலர் கோட்டை விடும் இடம் இனிமேல்தான். க்விக் ரிலீஸ் ஹப்பில், சக்கரம் கையில் இருக்கும்போது ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் அது அதிகமான இறுக்கம். க்விக் ரிலீஸ் லீவரை மூடும்போது ஆக்சில் ஒரு மயிரளவு அழுந்தும், அப்போது குண்டுகள் நசுங்கும். கையில் இருக்கும்போது சின்ன ஆட்டம் ஒன்றை விட்டுவையுங்கள், சைக்கிளில் மாட்டி லீவரை மூடியதும் அது மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் கோனை இன்னும் கொஞ்சம், கால் சுற்றுக்கும் குறைவாக, இறுக்கி மறுபடி பாருங்கள். கேசட் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு அடி நீளக் கைப்பிடியில் நன்றாக அழுத்தினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஃப்ரீஹப்பின் நாக்குகளுக்குக் கெட்டியான பேரிங் கிரீஸ் ஆகாது. நாக்கு ஒட்டிக்கொண்டு எழாமல் போய்விடும், மலையில் குளிர்காலையில் இன்னும் மோசம். மெல்லிய கிரீஸ் கொஞ்சமாக, அல்லது கெட்டி எண்ணெய் சில சொட்டு. நாக்குகளைப் பிரிக்க முடிகிற ஹப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஷிமானோ ஃப்ரீஹப்பைப் பொதுவாகப் பிரிப்பதில்லை. கெட்டுவிட்டால் 10 மில்லிமீட்டர் ஆலன் கீயால் முழு உடலையும் கழற்றி வேறு மாட்டிவிடலாம்.

கார்ட்ரிட்ஜ் பேரிங் மாற்றுவதில் ஒரே ஒரு விதிதான். ஹப்புக்குள் புதிதை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் சுத்தியால் தட்டினால் புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும். கருவி இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்து பிரஸ்ஸில் அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சேறு பார்த்த வாரம் ஆக்சிலை விரலால் சுற்றிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம் திறங்கள். விரல் உறுத்தல் சொன்னால் காலண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். கழுவும்போது வாட்டர் சர்வீஸ் கடையின் பீச்சுக்குழாயை ஹப் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்க் கிரீஸை வெளுக்கடித்துவிடும். வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

மலையில் வைத்துக் கெட்டுவிட்டால்

ஃப்ரீஹப் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிறது, நீங்கள் ஏற்காட்டில் இருக்கிறீர்கள் என்றால் அதிர்ஷ்டம். அடிவாரம் வரை மிதிக்கவே தேவையில்லை, பிரேக் சரியாக இருந்தால் உருண்டே வந்துவிடலாம். பாதி ஏற்றத்தில் போனாலும் திரும்பிவிடுங்கள். அடிவாரத்துக்கு அப்புறம் சமதளத்தில் மிதித்துத்தான் ஆக வேண்டும் என்றால், மிகப் பெரிய பல்லை ஸ்போக் கம்பிகளோடு நாலைந்து கேபிள் டைகளால் இறுக்கிக் கட்டுங்கள். சக்கரமும் பல்லும் ஒன்றாகச் சுற்றும். மெதுவாக, கால் நிற்காமல் மிதித்துப் போகலாம். மிதியை நிறுத்தினால் செயின் குவிந்து, கியர் மாற்றும் டிரெயிலியரை இழுத்துவிடும், ஆகவே இறக்கத்தில் இந்த வித்தை வேண்டாம்.

ஃப்ரீஹப் இறுகிப்போய்ப் பெடல் தானாகச் சுற்றினால், செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஆக்சில் உடைந்துவிட்டாலோ சக்கரம் பக்கவாட்டில் நன்றாக ஆடினாலோ அதில் ஏறி உட்காரவே கூடாது. வளைவின் ஓரமாக ஒதுங்கி நின்று, காய்கறி ஏற்றி வந்து காலியாக இறங்கும் வண்டி எதையாவது கை காட்டி நிறுத்துங்கள். சைக்கிளைப் படுக்கப் போடும்போது கியர் பக்கம் மேலே இருக்கட்டும்.